ஓநாயின் மூக்குக்கண்ணாடி

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் ஆசிரியர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். பாடத்திட்டத்தைப் பற்றியோ வகுப்பறை நிர்வாகத்தைப் பற்றியோ நான் எழுதப் போவதில்லை. அவற்றை இப்போது உங்களுக்கு என்னைவிட நன்றாகக் கற்றுத் தருகிறார்கள். நான் எழுத நினைப்பது ஒரு பழைய கிரேக்கக் கதையைப் பற்றி. ஓநாயும் ஆட்டுக்குட்டியும் ஆற்றில் தண்ணீர் குடித்த கதை.

போன வாரம் என் மகன் கதிர் படிக்கும் இடைநிலைப் பள்ளியிலிருந்து அழைத்தார்கள். அவன் ஐந்தாம் படிவம், இந்த வருடம் எஸ்.பி.எம். என்ற மலேசியக் கல்விச் சான்றிதழ்த் தேர்வு எழுதுகிறான். அவன் புத்தகப் பையில் வேப் என்ற மின்சிகரெட் இருந்ததாம். ஈப்போவில் வீட்டிலிருந்து பள்ளிக்குப் பத்து நிமிடம்தான். அன்றைக்கு அந்தப் பத்து நிமிடம் எப்படிக் கழிந்தது என்று எனக்கு நினைவில்லை. கட்டொழுங்கு ஆசிரியர் உங்கள் வயதுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். கதிர் இல்லை இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தான். கடைசியில் அவர், நீ இல்லை என்றால் உன்னோடு சுற்றும் கூட்டாளிகளில் ஒருவன், எல்லாம் ஒன்றுதானே என்றார். அந்த வரி எனக்குத் தெரியும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைய வரி. நானே அதைப் பேசியிருக்கிறேன்.

அதைச் சொல்வதற்கு முன் கதைகளைப் பற்றிக் கொஞ்சம்.

கோலா கங்சாருக்குப் பக்கத்தில் ஒரு பழைய ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போதே பாதித் தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனையாக மாறியிருந்தது. நூலகம் என்று ஒரு அலமாரி. அதில் அட்டை கிழிந்த விலங்குக் கதைப் புத்தகங்கள்தான் எப்போதும் வெளியே இருந்தன. நரி, காக்கை, சிங்கம், எலி. ஓநாயை எங்களில் யாரும் பார்த்ததில்லை, திராட்சைக் கொடியையும் பார்த்ததில்லை. இருந்தும் அந்தக் கதைகளுக்கு யாரும் விளக்கம் கேட்டதில்லை. நரிக்குத் திராட்சை எட்டவில்லை என்று ஒருமுறை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான். "டீச்சர், எங்க வீட்டுல ரம்புத்தான் பறிக்கிற கொக்கி இருக்கு. நரிக்குக் குடுக்கலாமா?" என்றான். பக்கத்தில் இருந்தவள், "நரிக்கு எதுக்குடா கொக்கி, அதுதான் வேணாம்னு சொல்லிருச்சே" என்றாள். கதையை அவள் ஒரே வரியில் பிடித்துவிட்டாள்.

இந்தக் கதைகளை நான் வியப்பது இதற்காகத்தான். பத்து வரிதான். விலங்குகளுக்குப் பெயர் கிடையாது, ஊர் கிடையாது, அழுகை கிடையாது. காலியாக விடப்பட்ட அந்த இடத்தில் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். ஏழு வயதில் ஒரு விலங்காக உட்கார்ந்தவர் நாற்பது வயதில் இன்னொரு விலங்காக உட்கார்ந்திருப்பதைக் கண்டு திடுக்கிடுவார். கைபேசியில் தலையைப் புதைத்திருக்கும் இன்றைய பிள்ளைகளிடமும் இது நடக்கிறது. நீங்களும் சொல்லிப் பாருங்கள்.

என் முதல் தலைமையாசிரியை இதை அறிந்தவர். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. நான் கதை சொல்வதை ஒருநாள் வாசலில் நின்று கேட்டார். முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, "கத நல்லாத்தான் சொல்றீங்க. முடிஞ்சதும் ஏன் வாய மூட மாட்டேங்கிறீங்க?" என்றார்.

"படிப்பினை சொல்லணுமே மேடம்."

"சோறு போட்டுட்டு நீங்களே மென்னு வேற குடுப்பீங்களா?"

நான் சிரித்தேன், ஆனால் கேட்கவில்லை. ஏனென்றால் நம் பள்ளிகளில் கதை சொல்லும் போட்டி என்று ஒன்று இருக்கிறது. நீங்களும் சின்ன வயதில் மேடையேறியிருப்பீர்கள். கையை விரித்து, தலையைச் சாய்த்து, கடைசியில் "இக்கதையின் வழி நாம் அறிவது யாதெனில்" என்று முடிக்க வேண்டும். அந்த வரிக்கென்று மதிப்பெண்ணில் தனியாகப் புள்ளி உண்டு. இருபது வருடத்துக்கு மேல் அந்த வரியைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்தவள் நான்.

இனி யாழினியின் கதை. நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் நடந்தது. அதே தோட்டத்துப் பள்ளிதான், ஆனால் மொத்தமே அறுபது பிள்ளைகள். யாழினி ஐந்தாம் வகுப்பு. அவள் அப்பா சேகரும் என் மாணவன். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் என் வகுப்பில் இருந்தவன், இப்போது லோரி ஓட்டுகிறான். தோட்டத்துப் பள்ளியில் இப்படித்தான். ஒரு பிள்ளையைப் பார்த்தால் அதன் அப்பா தெரிவார், அப்பாவைப் பார்த்தால் தாத்தா தெரிவார். எந்த லயத்து வீடு, எந்தக் குடும்பம், யார் எதைத் திருடினார், யார் யாரை அடித்தார் என்பதெல்லாம் ஆசிரியர் அறையில் தேநீரோடு பரிமாறப்படும். அதை நாங்கள் பிள்ளைகளை அறிந்துவைத்திருப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த வருடம் யாழினியை மாவட்டப் போட்டிக்குத் தயார் செய்துகொண்டிருந்தேன். கதை நீங்கள் அறிந்ததுதான். ஓநாய் மேட்டில் நின்று குடிக்கிறது, ஆட்டுக்குட்டி பள்ளத்தில். என் தண்ணீரைக் கலக்கிவிட்டாய் என்கிறது ஓநாய். தண்ணீர் உங்களிடமிருந்துதானே என்னிடம் வருகிறது என்கிறது குட்டி. போன வருடம் என்னைத் திட்டினாய். போன வருடம் நான் பிறக்கவே இல்லை. அப்படியானால் உன் அப்பன் திட்டியிருப்பான். பிறகு ஓநாய் அதைத் தின்றுவிடுகிறது.

பயிற்சியில் நான் ஓநாய், அவள் ஆட்டுக்குட்டி. பிறகு மாற்றிக்கொள்வோம். ஓநாயாகப் பேசும்போது அவள் கத்தினாள். நான் திருத்தினேன்.

"கத்தாத யாழினி. ஓநாய்க்குப் பசி. ஆனா அது நியாயம் கேக்குற மாதிரிதான் கேக்கும். மெதுவா கேளு."

"மெதுவா கேட்டா பயமா இருக்காதே டீச்சர்."

"மெதுவா கேட்டாத்தான் பயமா இருக்கும்."

எனக்கே பெருமையாக இருந்தது, நல்ல பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டோமென்று.

போட்டிக்கு ஒரு வாரம் இருந்தபோது பள்ளியின் பெரிய திரை உடைந்தது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒரு வருடம் பாடுபட்டு வாங்கித் தந்த தொலைக்காட்சித் திரை. சக்கரம் வைத்த தாங்கியில் ஏற்றி, பாடக் கருவிகள் வைக்கும் வள அறையில் நிறுத்தியிருந்தோம். வெள்ளிக்கிழமை ஓய்வுவேளை முடிந்து போய்ப் பார்த்தால் மூலையிலிருந்து மூலைக்கு விரிசல். அந்த ஓய்வுவேளையில் அறைக்குள் இருந்தவள் யாழினி ஒருத்திதான். அவளை அங்கே தனியாகப் போய்ப் பயிற்சி செய்யச் சொன்னது நான்.

அப்போதைய தலைமையாசிரியர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். என்னையே விசாரிக்கச் சொன்னார், உங்கள் பிள்ளைதானே என்று. நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்டேன். கோபப்படாமல் கேட்க வேண்டும் என்றால் எனக்கு அந்தப் பழக்கம்.

"பயப்படாத யாழினி. நீ அந்த ரூமுக்குள்ள போனியா?"

"போனேன் டீச்சர். நீங்கதான் போகச் சொன்னீங்க."

"அங்க பந்து அடிச்சு விளையாடுனீங்கன்னு சொல்றாங்களே."

"அது நேத்து டீச்சர். நேத்து நான் ஸ்கூலுக்கே வரல, காய்ச்சல். அம்மா கடுதாசி குடுத்தாங்க."

"இல்லன்னா இல்லன்னு எல்லாருந்தான் சொல்றாங்க. ஒங்கப்பாவும் இங்க படிச்சவன்தான். கிளாஸ் ஜன்னல் கண்ணாடிய ஒடச்சிட்டு இதே மாதிரிதான் வந்து நின்னான்."

யாழினி என்னையே பார்த்தாள். அவள் முகத்தில் திமிர் இல்லை, குழப்பம்தான் இருந்தது. பிறகு கேட்டாள்.

"டீச்சர், இப்ப நான் ஆட்டுக்குட்டி மாதிரி பதில் சொல்லணுமா?"

அவள் உண்மையிலேயே அதைப் பயிற்சி என்று நினைத்துவிட்டாள். அதே குரல், அதே வரிசை, அதே அப்பா. அந்தக் கதையை நூறு தடவை சொன்ன நான், மூன்று கேள்வியும் அச்சாக அப்படியே என் வாயிலிருந்து வந்ததை அவள் கேட்கும்வரை உணரவில்லை.

தலைமையாசிரியர் நாற்காலியில் சாய்ந்தார். "கத சொல்லிக் குடுத்தீங்க டீச்சர், பாருங்க, வாய் எவ்வளவு நீளமா வளந்திருக்கு. நல்லா இருக்குலா." போட்டிப் பட்டியலில் இருந்து அவள் பெயரை எடுத்துவிடுங்கள், திங்கட்கிழமை அப்பா வரட்டும் என்றார்.

அப்போது நான் என்ன செய்தேன் என்பதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஒன்றும் செய்யவில்லை. "கிளாஸுக்குப் போம்மா" என்று மட்டும் சொன்னேன். உடனே வாய் திறந்திருந்தால் அரை நிமிட வேலை. தலைமையாசிரியர் முன்னால் நான் தவறாகக் கேட்டுவிட்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கம். அந்த வெட்கத்துக்காக ஒரு பத்து வயதுப் பிள்ளை இரண்டு நாள் குற்றவாளியாகத் தன் வீட்டில் இருந்தாள். என் கதிருக்கும் அப்போது அதே வயது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவன் சாப்பிடுவதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் சாப்பிட்டிருப்பாளா என்று தோன்றியது. ஆனாலும் தொலைபேசியை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை சேகர் லோரியை வெளியே நிறுத்திவிட்டு வந்தான். தலைமையாசிரியர் இன்னும் வரவில்லை. காந்தினில், சிற்றுண்டிச்சாலை பெஞ்சில், நானும் அவனும் உட்கார்ந்தோம்.

"டீச்சர், அவ ஒடைக்கலையாம். நான் நம்புறேன்."

"சேகர், நான்..."

"ஒண்ணு சொல்லவா? கோவிச்சுக்காதீங்க. அந்த ஜன்னல் கண்ணாடிய நானும் ஒடைக்கல."

அவன்தான் உடைத்தான் என்பது முப்பது வருடமாக எனக்குத் தெரிந்த ஒரு உண்மை. அதற்காக அவன் கையில் ரோத்தான் பிரம்பால் அடித்தவள் நான்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சேகர்."

"சொன்னேன் டீச்சர். மூணு தடவ."

"அப்ப யாரு ஒடச்சது?"

அவன் சிரித்தான். "தெரியும். சொல்ல மாட்டேன். அவன் இப்ப ஒங்க பெற்றோர் ஆசிரியர் சங்கத்துல பெரிய ஆளுலா. அந்த டீ.வி. வாங்க அலஞ்சவனே அவன்தான்."

நானும் சிரித்துவிட்டேன், கண் கலங்கிக்கொண்டே. சேகர் பெஞ்சின் விளிம்பைத் தடவிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் பேசினான்.

"என்னை அடிச்சீங்களே, அதுக்கு அடுத்த வாரம் நீங்க கிளாஸ்ல இந்த ஓநாய் கதைய சொன்னீங்க. ஞாபகம் இருக்கா? எல்லாரும் ஓநாயத் திட்டுனாங்க. நீங்களும் திட்டுனீங்க. நான் ஒங்களையே பாத்துக்கிட்டு இருந்தேன். டீச்சருக்கு இந்தக் கதை புரியலைன்னு நெனச்சேன்."

"எம்மேல கோவம் இல்லையா?"

"மொதல்ல இருந்துச்சு. அப்புறம் யோசிச்சேன், இந்தக் கதைய சொன்னதும் நீங்கதானே. எனக்கு நடந்தத யாரோ ஏற்கெனவே எழுதி வெச்சிருக்கான்னு தெரிஞ்சதே பெரிய ஆறுதலா இருந்துச்சு டீச்சர். யாழினிக்கு இந்தக் கதைய நீங்க சொல்லிக் குடுக்கல. மூணு வயசுலயே நான் சொல்லிட்டேன்."

கதைகளின் ஆயுள் பற்றிப் பலர் பேசிக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்தக் காந்தின் பெஞ்சில்தான் அதைக் கண்ணால் பார்த்தேன். எங்கேயோ கடலுக்கு அப்பால், யாரோ யாரிடமோ பட்ட அடிக்குப் பதிலாகச் சொன்ன பத்து வரி, பேராக்கில் ஒரு தோட்டத்துப் பையனிடம் வந்து, நீ மட்டும் இல்லை என்று சொல்லியிருக்கிறது. அதுவும் அவனை அடித்தவளின் வாய்வழியாகவே. அவளுக்குத் தெரியாமலேயே.

சேகரிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு தலைமையாசிரியரின் அறைக்குப் போனேன். யாழினி போட்டிக்குப் போக வேண்டும், அவளை அந்த அறையில் தனியாக விட்டது என் தவறு, அதை எழுதித் தருகிறேன் என்றேன்.

"சரி, நீங்க சொல்றீங்கன்னா சரிலா. அப்ப யாரு ஒடச்சா?"

"தெரியாது சார்."

"தெரியாதுன்னு எப்படி நான் சங்கத்துக்குச் சொல்றது?"

"தெரியாதுன்னே சொல்லுங்க சார். தெரியாதுதானே."

திரையை உடைத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. சக்கரம் இடறியிருக்கலாம், பந்து பட்டிருக்கலாம். தெரியாது என்ற சொல்லை இத்தனை வருடத்தில் ஆசிரியராக நான் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். சொன்னதும் தோள் லேசானது.

யாழினி மாவட்டத்தில் தேறி, ஈப்போவில் நடந்த மாநிலப் போட்டிக்கும் வந்தாள். நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கதை தொடங்கியது. ஆறு, மேடு, பள்ளம், குட்டி எல்லாம் பயிற்சியில் செய்தபடியே வந்தன. ஓநாய் பேச வேண்டிய இடம் வந்ததும் அவள் நின்றாள். இல்லாத ஒரு மூக்குக்கண்ணாடியை மெல்லக் கழற்றினாள். பாவாடை ஓரத்தில் துடைத்தாள். "பயப்படாத" என்றாள், மிக மெதுவாக.

அரங்கத்தில் சிரிப்பு எழுந்து பாதியிலேயே அடங்கியது. போட்டி நடுவர்களில் ஒருவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். அந்த அசைவு அவளுக்கு நான் சொல்லிக் கொடுத்ததல்ல. என்னைப் பார்த்து அவளே எடுத்துக்கொண்டது. கடைசி வரி வந்தது. ஓநாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டது. குட்டி இல்லை. இக்கதையின் வழி நாம் அறிவது யாதெனில் என்று இனி அவள் தொடங்க வேண்டும். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், கும்பிட்டாள், இறங்கிவிட்டாள்.

படிப்பினைக்கான புள்ளி போயிற்று. மூன்றாம் பரிசு. பேருந்தில் திரும்பும்போது கேட்டேன்.

"கடைசி வரி மறந்துபோச்சா?"

"இல்ல டீச்சர். நீங்க முன்னாடி ஒக்காந்திருந்தீங்க. ஒங்க மூஞ்சியப் பாத்தேன். சொல்ல வேணாம்னு தோணுச்சு."

என் முதல் தலைமையாசிரியை இருபது வருடத்துக்கு மேலாகக் காத்திருந்த இடத்துக்கு யாழினி ஒரு நொடியில் வந்துவிட்டாள். ஓநாயாக என்னை மேடையேற்றியவள், என்னைத் தின்னாமல் விட்டும்விட்டாள். அந்தப் பிள்ளையை நான் வியக்கிறேன். அவளுக்கு அதைச் செய்ய இடம் வைத்திருந்த அந்தக் கதையையும்.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். பள்ளியில் கதிரின் விசாரணை முடியவில்லை. அடுத்த வாரம் முதல்வரைப் பார்க்க வேண்டும். அன்று அவனைக் காடியில் என் பக்கத்து இருக்கையில் ஏற்றிக்கொண்டு பள்ளியிலிருந்து புறப்பட்டேன். கட்டொழுங்கு ஆசிரியர் மேல் கோபமாக வந்தது. அவர் பேசியது எவ்வளவு தவறு என்று மனதுக்குள் வாதாடிக்கொண்டே வந்தேன். பெரிய சாலைச் சமிக்ஞை விளக்கில் சிவப்பு விழுந்தது. என் மகன் பக்கம் திரும்பினேன். என் வாயிலிருந்து வந்தது இதுதான்.

"ஒன்னோடது இல்லன்னா யாரோடது? அந்தக் கூட்டத்தோட சேராதன்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன். ஒங்க சித்தப்பாவும் இப்படித்தான் ஆரம்பிச்சாரு."

கதிர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "நான் இல்லம்மா" என்றான், பள்ளியில் சொன்ன அதே குரலில். அப்போதுதான் பார்த்தேன், மூக்குக்கண்ணாடி என் கையில் இருந்தது. எப்போது கழற்றினேன் என்று தெரியாது.

அதை மாட்டிக்கொண்டேன். விளக்கு பச்சையானது. பின்னால் ஒருவர் ஹார்ன் அடித்தார். கொஞ்ச தூரம் போய் ஒரு மீ நூடுல்ஸ் கடை ஓரமாக நிறுத்தினேன்.

"கதிர், நான் கேட்டது தப்பு. எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ சொன்னா கேக்குறேன். சொல்லலன்னாலும் பரவால்ல, வீட்டுக்குப் போலாம்."

கடைக்காரர் வெளியே வந்து எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். பிறகு அவன், முகத்தைத் திருப்பாமலே, "என்னோடது இல்லம்மா. கூட்டாளி வெச்சிருக்கச் சொன்னான்" என்றான். கொஞ்சம் கழித்து, "ஆனா ரெண்டு தடவ இழுத்துப் பாத்தேன்" என்றான்.

என் பயம் சரிதான், அவன் சுத்தமான ஆட்டுக்குட்டி இல்லை. இருந்தும் நான் ஓநாயாகவே கேட்டுக்கொண்டு வந்திருந்தால் கடைசிவரை எனக்கு ஆட்டுக்குட்டியின் பதில்தான் கிடைத்திருக்கும். இந்த இரண்டாவது வரி கிடைத்திருக்காது.

இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. அடுத்த வாரம் அவனே முதல்வரிடம் எல்லாவற்றையும் சொல்வதாகச் சொல்லியிருக்கிறான். நானும் போகிறேன். அந்த இளம் ஆசிரியரும் இருப்பார். அவர்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. உங்களில் யாராவது நாளைக்கு அவர் நாற்காலியில் உட்காரும்போது இந்தக் கதை நினைவுக்கு வரட்டும்.

இதிலிருந்து நீங்கள் அறிய வேண்டியது என்னவென்று எழுதத் தொடங்கி, அடித்துவிட்டேன்.